நெட் அறுந்தால் பாதையைத் திரும்ப எடுப்பது எப்படி: வன்னியில் வேலை பார்ப்பவர்களுக்கு

மாரி தொடங்கினால் வன்னியில் இணைய வேலை பார்க்கிறவர்களின் போன் ஓயாது. மல்லாவியில் மரம் விழுந்துவிட்டது, மாங்குளத்தில் பெக்கோ கேபிளை இழுத்துவிட்டது, புதுக்குடியிருப்பில் இடி விழுந்து நெட்வேர்க் ஸ்விட்ச் எரிந்துவிட்டது என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். மறுபக்கத்தில் இருந்து வருவது "அண்ணை, நெட் இல்லை" என்ற ஒரே வசனம்தான், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. சங்கம், ஆலை, பாடசாலை, கிளினிக், கிளை அலுவலகம் மாதிரி இடங்களில் "கொம்பியூட்டர் தெரிந்த பெடியன்" என்ற ஒரே காரணத்துக்காக நெட்வேர்க் பொறுப்பும் தலையில் விழுந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒரே ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன், அது ஒழுங்கு. ஆட்களின் வேலையை முதலில் வேறு பாதையில் ஓடவிட வேண்டும், அப்புறம்தான் பிழையைத் தேட வேண்டும், பிழை திருந்திவிட்டாலும் உடனே பழைய பாதைக்குத் தாவக் கூடாது. பெரும்பாலான இடங்களில் நடப்பது இதற்குத் தலைகீழ்: பொறுப்பானவர் ஏணியோடு வெளியே போய்விடுவார், உள்ளே பத்துப் பேர் பில் போட முடியாமல் இருப்பார்கள், லைன் வந்ததும் எல்லாம் முடிந்தது என்று எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள், அடுத்த நாள் காலையில் பாதி விஷயம் வேலை செய்யாது.

கை வைக்கும் முன் லைட்டைப் பாருங்கள்

பைபர் (ஒளி போகும் கண்ணாடி இழைக் கேபிள்) வந்து சேரும் ஓஎன்டி பெட்டியின் லைட்டுகளைப் போனில் ஒரு படம் எடுங்கள். ஓஃப் பண்ணி ஓன் பண்ணுவது எல்லாருக்கும் கைப்பழக்கம், சில நேரம் அதுவே சரியாக்கியும் விடும், ஆனால் அதோடு ரவுட்டரின் உள்ளே இருந்த பதிவு பெரும்பாலும் அழிந்துவிடும், அதே பிழை திரும்ப வரும்போது பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். படம் எடுத்துவிட்டு, ரவுட்டரின் பதிவையும் பார்த்துவிட்டு, அப்புறம் தாராளமாக ஓஃப் பண்ணுங்கள்.

கம்பனிக்குக் கம்பனி பெட்டி மாறினாலும் லைட்டுகளின் கதை பொதுவாக ஒன்றுதான். லொஸ் (LOS) லைட் சிவப்பாக எரிந்தால் அல்லது மின்னினால் ஒளியே வந்து சேரவில்லை: கேபிள் அறுந்திருக்கலாம், எங்கேயோ நெரிந்திருக்கலாம், அல்லது பெட்டிக்குப் பின்னால் கூட்டுகிறவர்கள் இழுத்ததில் கனெக்டர் கழன்றிருக்கலாம். லொஸ் அணைந்து பொன் (PON) லைட் மட்டும் நிற்காமல் மின்னினால் ஏதோ ஒளி வருகிறது, ஆனால் மறுமுனையோடு பதிவு முடியவில்லை, பெரும்பாலும் ஒளி பலவீனம்தான் காரணம். பொன் நிலையாக எரிந்தும் ஒன்றும் திறக்கவில்லையென்றால் கேபிளைச் சந்தேகிக்க வேண்டாம், பிழை அதற்கு மேலே: பயனர் பெயர், கடவுச்சொல், இணையப் பெயரை இலக்க முகவரியாக மாற்றும் டிஎன்எஸ், அல்லது பில் கட்டாமல் கணக்கை நிறுத்தியிருப்பார்கள். பில்லைப் பற்றிக் கேட்க வெட்கப்பட வேண்டாம், இது அடிக்கடி நடக்கிறது.

அடுத்தது, அதே வீதியில் அதே கம்பனி லைன் இருக்கும் இரண்டு பேரைக் கேளுங்கள். அவர்களுக்கும் இல்லையென்றால் நீங்கள் ஏணி எடுக்கத் தேவையில்லை. கரண்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள், ஆனால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: எக்ஸ்சேஞ்சில் இருந்து உங்கள் வாசல்வரை வரும் வீட்டு வகைப் பைபரில் இடையில் ஒளியைப் பல வீட்டுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் பெட்டிகளுக்குக் கரண்ட் வேண்டியதில்லை, அவை வெறும் கண்ணாடி. ஆகவே ஊரெல்லாம் கரண்ட் இல்லாத நேரத்திலும் எக்ஸ்சேஞ்சுக்கு ஜெனரேட்டர் இருந்து உங்கள் பெட்டிக்குச் சின்ன பெற்றரி ஒன்று இருந்தால் லைன் ஓடும். மொபைல் டவர் அப்படி இல்லை, அதன் பெற்றரி சில மணித்தியாலத்தில் இறங்கிவிடும், ஜெனரேட்டர் இல்லாத டவர் அதோடு செத்துவிடும். நீண்ட கரண்ட் வெட்டில் 4ஜியை நம்பி இருக்கிறவர்கள் இதைக் கணக்கில் எடுங்கள்.

ஆட்களை மற்றப் பாதையில் ஏற்றுவது

இரண்டாவது பாதை இல்லாதவர்கள் இன்றைக்கே ஒரு 4ஜி ரவுட்டரும் வேறு கம்பனி சிம்மும் வாங்கி வைப்பது நல்லது. வாங்கி அலுமாரியில் பூட்டி வைத்த சிம் ரீலோட் போடாமல் செத்துப்போவது வழமை, அதனால் மாதம் ஒரு தடவையாவது அதைப் பாவியுங்கள். இடம் ஒதுக்குப்புறம், டவரும் எட்டாது என்றால் செய்மதி இணைப்பு இருக்கிறது. 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் பழைய வகைச் செய்மதியில் ஒரு பதில் வர அரை செக்கனுக்கு மேல் ஆகும், தாழ்வாகச் சுற்றும் ஸ்டார்லிங்க் வகையில் அந்தத் தொல்லை இல்லை, 2025இல் இருந்து இலங்கையிலும் கிடைக்கிறது. ஆனால் பெரும்பாலான சின்ன அலுவலகத்துக்கு இரண்டாவது பாதையாக ஒரு சிம் போதும்.

மாற்றிய உடனே செய்ய வேண்டிய முதல் வேலை, எல்லாரையும் அதில் ஏறவிடாமல் தடுப்பது. சிசிடிவி கமராக்கள் வெளியே அனுப்பும் வீடியோ, விண்டோஸ் அப்டேட், கூகுள் டிரைவுக்கு ஏறும் படங்கள், இவை மூன்றும் சேர்ந்தால் ஒரு மாதப் பெக்கேஜை ஒரே மத்தியானத்தில் குடித்துவிடும். பில் போடும் கணினி, வங்கி வேலை, மின்னஞ்சல், போன், இவ்வளவுக்கும் மட்டும் வழி கொடுங்கள், மற்றவர்கள் கொஞ்சம் பொறுக்கட்டும். ரவுட்டரில் இதற்கான விதிகளை முன்கூட்டியே எழுதி வைத்து, மாற்றுப் பாதை இயங்கும்போது மட்டும் அவை வேலை செய்யும்படி விட்டால் அந்த நேரத்தில் யாரோடும் சண்டை பிடிக்க வேண்டி வராது.

கையால் மாற்றுவது சின்ன இடத்துக்குப் போதும். ரவுட்டரே தானாக மாற்ற வேண்டுமென்றால் ஒரு பொறி இருக்கிறது, அதை விளங்கிக்கொள்ளுங்கள். உங்கள் ரவுட்டரில் இருந்து ஓஎன்டி பெட்டிக்குப் போவது இரண்டடி நீளமுள்ள சாதாரண நெட்வேர்க் வயர். வெளியே முறிகண்டியில் பைபர் அறுந்தாலும் அந்த இரண்டடி வயர் நன்றாகவே இருக்கும், ஆகவே ரவுட்டரின் கணக்கில் லைன் உயிரோடு இருக்கிறது, அது மாறவே மாறாது. இதனால்தான் தொலைவில் இருக்கும் ஒரு முகவரிக்குப் பிங் (இருக்கிறாயா என்று கேட்டுப் பதில் வாங்கும் சின்னச் செய்தி) அனுப்பிப் பார்க்கச் சொல்ல வேண்டும். கம்பனியின் முதல் ரவுட்டரை மட்டும் பிங் பண்ணினால் போதாது, ஏனென்றால் அதற்கு அப்பால் உடைந்திருந்தாலும் அது பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். இரண்டு தூர முகவரி வைத்து, இரண்டுமே பதில் தராவிட்டால்தான் மாறு என்று சொல்லுங்கள், ஒன்று மட்டும் என்றால் அந்த ஒரு சேவர் தூங்கினாலும் உங்கள் அலுவலகம் பாதை மாறும். ஐந்து செக்கனுக்கு ஒரு தடவை, தொடர்ந்து நான்கு தடவை பதில் இல்லையென்றால் மாறு என்று வைத்தால் சாதாரண வேலைக்குச் சரி.

இன்னொரு பொறி இதைவிட மோசமானது. அந்தச் சோதனை முகவரிகளுக்கான வழியை முதன்மை லைனோடு மட்டும் கட்டிவிட வேண்டும். கட்டாமல் விட்டால் என்ன நடக்கும் என்றால், லைன் சாகும், ரவுட்டர் 4ஜிக்கு மாறும், பிங்கும் 4ஜி வழியாகவே போய்ப் பதில் கொண்டுவரும், "ஆ, லைன் வந்துவிட்டது" என்று ரவுட்டர் திரும்பச் செத்த லைனுக்கே போகும், அங்கே பதில் வராது, மறுபடி 4ஜி. இப்படி விடிய விடிய ஊஞ்சல் ஆடும். அதேபோல ஆட்கள் டிஎன்எஸ்ஸுக்குப் பாவிக்கும் முகவரியைச் சோதனைக்குக் கட்டாதீர்கள். 8.8.8.8 ஐ பைபரோடு கட்டிவிட்டு எல்லாக் கணினியிலும் அதையே டிஎன்எஸ்ஸாகப் போட்டிருந்தால், பைபர் அறுந்த நேரம் 4ஜி நன்றாக ஓடியும் ஒரு பக்கமும் திறக்காது. சோதனைக்கு வேறு ஒன்றை எடுங்கள், 8.8.4.4 அல்லது 9.9.9.9 மாதிரி.

பெரிய நெட்வேர்க்குகள் இதே வேலையை எவ்வளவு வேகமாகச் செய்கின்றன என்று தெரிந்தால் உங்கள் எதிர்பார்ப்பு ஒரு அளவில் நிற்கும். தொலைபேசிக் கம்பனிகளின் பழைய எஸ்டிஎச் வகைப் பைபர் வளையங்கள் 50 மில்லிசெக்கனுக்குள் மறுபக்கம் திரும்பிவிடும், பேசிக்கொண்டிருப்பவருக்குத் தெரியவே தெரியாது. வழிகளைத் தமக்குள் பேசித் தீர்க்கும் ஓஎஸ்பிஎஃப் முறை ஓடும் ரவுட்டர்கள் வழமையான அமைப்பில் 10 செக்கனுக்கு ஒரு தடவை வணக்கம் சொல்லும், 40 செக்கன் சத்தமில்லையென்றால்தான் பக்கத்து ரவுட்டர் செத்தது என்று முடிவெடுக்கும், அந்த 40 செக்கனைக் குறைக்கத்தான் பிஎஃப்டி என்ற வேகமான நாடிபிடிப்பை மேலே போடுகிறார்கள். உங்கள் 20 செக்கன் அவ்வளவு மோசமில்லை.

மாறிய பிறகு இணையப் பக்கங்கள் திறக்கும், ஆனால் இணையத்தால் பேசும் ஐபி போன் மட்டும் ஊமையாக இருக்கும், இது பலரைக் குழப்புகிறது. போன் தன்னை உயிரோடு வைத்திருக்கச் சின்னச் செய்தி ஒன்றைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருப்பதால் ரவுட்டரின் நினைவில் இருக்கும் பழைய பாதைக்கான பதிவு காலாவதியாகவே மாட்டாது, போன் செத்த வழியிலேயே பேசிக்கொண்டிருக்கும். ரவுட்டரில் இணைப்புப் பட்டியலை அழியுங்கள், அல்லது பாதை மாறும்போது தானாக அழிக்கச் சொல்லுங்கள், அரை நிமிடத்தில் போன் பேசும். வெளியில் இருந்து உள்ளே வரும் விஷயங்கள், உதாரணமாக முதலாளி கொழும்பிலிருந்து கமரா பார்ப்பது, 4ஜியில் பெரும்பாலும் வேலை செய்யாது, ஏனென்றால் மொபைல் கம்பனி உங்களுக்குத் தனிப் பொது முகவரி தருவதில்லை. கிளையில் இருந்து தலைமையகத்துக்கு விபிஎன் (இணையத்துக்குள் போகும் தனிச் சுரங்கம்) வெளிநோக்கிக் கட்டிவைத்தால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

இப்போது பிழையைத் தேடலாம்

ஒளி அளக்கும் மீற்றர் ஒன்று வைத்திருங்கள், விலை பெரிதில்லை, அது இல்லாமல் பைபர் வேலை பார்ப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு மீன் பிடிப்பது மாதிரி. மீற்றர் இல்லாவிட்டாலும் பெரும்பாலான ஓஎன்டி பெட்டிகளின் உள்ளே போனால் வந்து சேரும் ஒளியின் அளவு எழுதியிருக்கும். வழமையான ஜிபொன் (மேலே சொன்ன வீட்டு வகைப் பைபர்) லைனுக்கு ஒரு மனக்கணக்கு: எக்ஸ்சேஞ்சில் இருந்து புறப்படும்போது சுமார் +3 டிபிஎம் (ஒளியின் பலத்தை அளக்கும் அலகு; இழப்பை டிபியில் சொல்வார்கள்), 32 ஆகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் ஏறத்தாழ 17 டிபி தின்னும், 10 கிலோமீற்றர் கேபிள் இன்னொரு இரண்டரை, கனெக்டரும் ஒட்டுகளும் சேர்த்து ஒன்றரை. மிச்சம் சுமார் −18. இந்த இடத்தில் உங்கள் பெட்டி −26 காட்டினால் லைன் அறவில்லை, ஆனால் எங்கேயோ 8 டிபி ஒழுகுகிறது. −27ஐத் தாண்டினால் வரும், போகும், மழை பெய்தால் போகும் என்ற நிலை. நல்ல நாளில் எவ்வளவு இருந்தது என்று எழுதி வைத்திருந்தால் தான் இந்த எண்ணுக்கு அர்த்தம் வரும், ஆகவே இன்றைக்கு லைன் சுகமாக இருக்கும்போதே பார்த்து எழுதிவிடுங்கள்.

முழுதாக அறுந்ததைவிட அரைகுறையாக ஓடுவதுதான் ஆளைக் கொல்லும். லைட் எல்லாம் பச்சை, பிங் போகிறது, ஆனால் வங்கிப் பக்கம் திறக்காது. அப்போது பெரிய பிங் அனுப்பிப் பாருங்கள். பயனர் பெயர் கேட்கும் பிபிபிஓஇ வகை லைனில் ஒரு பொதிக்கு, அதாவது தகவல் போகும் ஒரு கட்டுக்கு, 1492 பைட்தான் இடம், தலைப்புக்கு 28 போனால் 1464. துண்டாக்காதே என்று சொல்லி 1464 பைட் பிங் அனுப்புங்கள். சின்னது போய் இது போகவில்லையென்றால் ரவுட்டரில் அளவு பிழையாக இருக்கிறது, கேபிளில் ஒன்றும் இல்லை.

கேபிள்தான் அறுந்தது என்று உறுதியானால், எங்கே என்பதை ஓடிடிஆர் கருவி சொல்லும். அது விலை கூடியது, பெரும்பாலும் கம்பனி ஆட்களிடம்தான் இருக்கும், ஆலையின் பெரிய வளவு, பல்கலைக்கழகம் மாதிரி சொந்தக் கேபிள் வைத்திருப்பவர்கள் வாடகைக்கு எடுக்கலாம். கருவி காட்டுவது கண்ணாடியின் நீளம், வீதியின் நீளம் அல்ல. தூண்களில் சுருட்டி விட்ட மிச்சம், தொய்வு, எல்லாம் அதற்குள் இருக்கும், ஆகவே கருவி 7.4 கிலோமீற்றர் என்றால் மோட்டார் சைக்கிளின் மீற்றரில் அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே தேடத் தொடங்குங்கள், முடிந்தால் இரண்டு முனையில் இருந்தும் அளந்து இடையில் சந்திக்க வையுங்கள். இன்னொரு நல்ல தந்திரம்: ஒரே இடத்தை 1310, 1550 நானோமீற்றர் என்ற இரண்டு அலைநீளத்திலும் அளந்து பாருங்கள். 1550இல் இழப்பு தெளிவாகக் கூடினால் அங்கே கேபிள் வளைந்து நெரிந்திருக்கிறது, மரக்கிளை அழுத்துகிறது அல்லது யாரோ கம்பியால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள், அவிழ்த்துவிட்டாலே போதும். இரண்டிலும் ஒரே அளவு என்றால் ஒட்டுப் பழுது. ஓடிக்கொண்டிருக்கும் பொன் லைனுக்குள் இந்த 1310, 1550 ஒளியை அனுப்பக் கூடாது, அதில் தொங்கும் மற்ற வீடுகளையும் விழுத்திவிடுவீர்கள். பைபரின் முனையைக் கண்ணால் பார்க்கவும் கூடாது, அதில் போவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

உங்கள் வாசலுக்கு வெளியே இருக்கும் தூணும் கேபிளும் கம்பனியின் சொத்து, அதில் ஏற வேண்டாம், முறைப்பாடு போடுங்கள். ஆனால் முறைப்பாட்டை ஒழுங்காகப் போடுங்கள். "நெட் இல்லை" என்று சொன்னால் உங்களை வரிசையின் கடைசியில் போட்டு ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணச் சொல்வார்கள். "காலை 6.40க்கு லொஸ் சிவப்பானது, நேற்று −19 இருந்தது, இதே வீதியில் மூன்று இடத்துக்கு இல்லை, பள்ளிக்கூடத்துக்கு அடுத்த மதகடியில் நேற்று மாலை பெக்கோ வேலை செய்தது" என்று சொன்னால் வருகிற ஆள் சரியான இடத்தில் இறங்குவார். அந்தக் கடைசி வரி மட்டும் அரைநாளை மிச்சம் பிடித்துத் தரும்.

சொந்த வளவுக்குள் ஒட்ட வேண்டி வந்தால், ஒட்டு இயந்திரத்தைவிடச் சுத்தம்தான் முக்கியம். நமது செம்மண் தூசியும் மாரி ஈரமும் இரண்டுமே பைபருக்குச் சத்துரு, வானுக்குள் அல்லது கதவு மூடிய அறைக்குள் வைத்து ஒட்டுங்கள், அல்ககோலால் துடையுங்கள், வெட்டும் முனை நேராக இருக்கட்டும். நல்ல ஒட்டு 0.1 டிபிக்கு மேல் இழக்காது. பல கோர் (இழை) கேபிள் என்றால் நீலம், செம்மஞ்சள், பச்சை, மண்ணிறம் என்று நிற ஒழுங்கில் ஒட்டத் தொடங்குவது எல்லாரினதும் வழமை. அப்படிச் செய்யாதீர்கள், அறுவதற்கு முன் எந்தக் கோரில் வேலை ஓடியது என்று பார்த்து அதை முதல் ஒட்டுங்கள், சும்மா இருக்கும் கோர்கள் பின்னேரம் வரை காத்திருக்கும்.

இனி வன்னிக்கே உரிய இரண்டு எச்சரிக்கை. புயலுக்குப் பிறகு விழுந்து கிடக்கும் கேபிளைத் தூக்காதீர்கள், மின்சாரக் கம்பியும் அதோடு சேர்ந்து விழுந்திருந்தால் கேபிளைத் தாங்கும் இரும்புக் கம்பியில் கரண்ட் இருக்கும். மின்சார முறைப்பாட்டு இலக்கமான 1987க்கு எடுத்து, துண்டித்தாயிற்று என்று கேட்ட பிறகே கிட்டப் போங்கள். மற்றது மண். 2009க்குப் பிறகு வருடக்கணக்காகக் கண்ணிவெடி அகற்றிய நிலம் இது, முகமாலைப் பக்கம் போனவர்களுக்குச் சிவப்பு மண்டையோட்டுப் பலகையைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கேபிள் தேடி வீதியோரத்தை விட்டுப் பற்றைக்குள் கிண்டாதீர்கள், வெள்ளம் மண்ணை அரித்து மேலே கொண்டுவந்த இரும்பு எதையும் தொடாதீர்கள், 119க்குச் சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள். நெட் நாளைக்கும் வரும்.

ரேடியோ லிங்க் என்றால்

கேபிள் போகாத இடத்துக்கு 5 கிகாஹேர்ட்ஸ் ரேடியோவில் தட்டு வைத்து இணைத்திருப்பவர்கள் நிறைய. மழையால் லிங்க் போனது என்று சொல்வார்கள், ஆனால் 5 கிகாஹேர்ட்ஸை மழை பெரிதாக ஒன்றும் செய்யாது, மழை தின்பது 10க்கு மேலே உள்ளவற்றைத்தான். மழை நேரத்தில் 5 கிகாஹேர்ட்ஸ் லிங்க் போனால் கனெக்டருக்குள் தண்ணீர், அல்லது காற்றில் தட்டுத் திரும்பியிருக்கிறது, அல்லது இடியில் மின் கொடுக்கும் சின்னப் பெட்டி எரிந்திருக்கிறது. கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு விட்டுக் கட்டுங்கள், தண்ணீர் அதில் சொட்டிப் போகட்டும்.

வருடத்துக்கு வருடம் சிக்னல் மெல்ல மெல்ல இறங்கினால் இடையில் மரம் வளருகிறது. கண்ணுக்கு மறுமுனை தெரிந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். 10 கிலோமீற்றர் லிங்கில், 5.8 கிகாஹேர்ட்ஸில், நடுப்புள்ளியில் நேர்கோட்டைச் சுற்றி சுமார் 11 மீற்றர் ஆரமுள்ள இடம் ரேடியோவுக்குத் தேவை, அதில் 60 சதவீதமாவது, அதாவது ஏழு மீற்றர் அளவு, வெறுமையாக இருக்க வேண்டும். முற்றிய பனை 30 மீற்றர்வரை போகும், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இரணைமடு மாதிரி பெரிய நீர்ப்பரப்பைத் தாண்டும் லிங்க் என்றால் நீரில் பட்டுத் திரும்பும் அலை நேர் அலையோடு மோதும், குளத்தின் நீர்மட்டம் ஏறி இறங்க லிங்கின் குணமும் மாறும். தட்டின் உயரத்தைக் கொஞ்சம் மாற்றிப் பார்ப்பதுதான் வழி, மேலே தூக்குவது மட்டும் தீர்வல்ல, சில நேரம் இறக்கினால் சரியாகும்.

லைன் வந்துவிட்டது, ஆனாலும் போகாதீர்கள்

பொன் லைட் பச்சையானதும் உடனே திரும்ப வேண்டும் என்று கை துடிக்கும். தூணில் இருக்கும் ஆள் இன்னும் மற்றக் கோர்களை ஒட்டிக்கொண்டிருப்பார், பெட்டியை மூடும்போது ஒன்றை அசைப்பார், லைன் இரண்டு மூன்று தடவை விழுந்து எழும்பும். ஒவ்வொரு தடவையும் நீங்களும் கூடவே போய்வந்தால் பில் பாதியில் நிற்கும், போன் அறுபடும், ஆட்கள் உங்களைத்தான் திட்டுவார்கள். பெரிய வளைய நெட்வேர்க்குகளிலேயே இதற்கென்று ஒரு காத்திருப்பு நேரம் இருக்கிறது, ஈதர்நெட் வளையத்துக்கான ஜி.8032 தரத்தில் அது வழமையாக 5 நிமிடம். சின்ன அலுவலகத்துக்கு நான் அரை மணித்தியாலம் என்று வைப்பேன், 4ஜி தாக்குப்பிடிக்கிறது என்றால் கடை மூடிய பிறகு மாற்றினாலும் குறையில்லை. போகும்போது வேகம், திரும்பும்போது சோம்பல், ரவுட்டரில் இந்த இரண்டு எண்ணையும் தனித்தனியாக வைக்கலாம்.

திரும்புவதற்கு முன் அவசரத்தில் செய்ததெல்லாம் கழற்றப்பட்டதா என்று பாருங்கள். மிகவும் ஆபத்தானது, யாரோ நல்லெண்ணத்தில் ஒரு ஸ்விட்சிலிருந்து இன்னொரு ஸ்விட்சுக்குக் குறுக்கே போட்ட வயர். முதன்மைப் பாதை செத்திருந்தவரை அது வேலை செய்தது, முதன்மை திரும்பியதும் இரண்டும் சேர்ந்து ஒரு சுழல் உருவாகும், மலிவான ஸ்விட்சுகள் அதைத் தடுக்காது, ஒரே பொதி சுற்றிச் சுற்றிப் பெருகி முழு நெட்வேர்க்கும் ஒரு நிமிடத்துக்குள் படுத்துவிடும். எல்லா ஸ்விட்ச் லைட்டும் ஒரே தாளத்தில் மின்னினால் அதுதான். அவசர வயருக்கு சிவப்பு வயர் மட்டும் பாவிப்பது என்று ஒரு சட்டம் போடுங்கள், வேலை முடிந்ததும் சிவப்பு எங்கே தெரிகிறதோ அதைக் கழற்றலாம். அதேபோல கையால் எழுதிய வழிகள், யாராவது ஒருவரின் கணினியில் மாற்றிய டிஎன்எஸ், இவையும் பழையபடி வர வேண்டும்.

திரும்பியதும் ட்ரேஸ்ரவுட் (பொதி போகும் படிகளைக் காட்டும் கட்டளை) ஓட்டி முதல் இரண்டு படி பைபர் வழியாகத்தான் போகிறதா என்று பாருங்கள். பிறகு ரவுட்டருக்கு முன்னால் நிற்காமல் ஆட்களின் மேசைக்குப் போங்கள்: ஒரு பில் போட்டுப் பாருங்கள், ஐபி போனில் வெளியே எடுத்தும் உள்ளே வாங்கியும் பாருங்கள், மல்லாவிக் கிளையைத் தலைமையகத்தின் கோப்பு ஒன்றைத் திறக்கச் சொல்லுங்கள். அடுத்த நாள் சிம்மின் டேட்டா மீதியைப் பாருங்கள், அது இன்னும் இறங்கிக்கொண்டிருந்தால் ஏதோ ஒன்று பழைய வழியை விடவில்லை.

இரண்டு பாதையும் ஒரே பாலத்தில் போகிறதா

இரண்டு கம்பனி, இரண்டு பில், ஆகவே இரண்டு பாதை என்று நினைப்பது வழமை. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஏ9இல் பரந்தனும் மாங்குளமும், பரந்தனில் இருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவுக்கு ஏ35, மாங்குளத்தில் இருந்து ஒட்டுசுட்டான் வழியாக அதே முல்லைத்தீவுக்கு ஏ34. வீதிகள் அழகான முக்கோணம், புதுக்குடியிருப்பில் இருக்கும் ஒருவருக்கு ஒரு பாதை பரந்தன் பக்கமும் மற்றது முல்லைத்தீவைச் சுற்றி மாங்குளம் பக்கமும் வந்தால் ஒரு பக்கம் அறுந்தாலும் மற்றது நிற்கும். ஆனால் உங்கள் பைபரும், உங்கள் 4ஜி டவருக்குப் போகும் பைபரும், இரண்டும் ஏ35 வழியாகவே வந்தால்? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வெள்ளத்தில் அந்த வீதியில் பாலம் உடைந்தது நினைவிருக்கும். பாலம் போனால் அதில் கட்டிய குழாய்களும் அதோடு போகும், அதற்குள் எத்தனை கம்பனியின் கேபிள் இருந்தாலும் ஒன்றுதான்.

கம்பனியைக் கேளுங்கள்: "உங்கள் லைன் எந்த வீதியால் வருகிறது, டவருக்கு எந்தப் பக்கத்தால் வருகிறது?" கவுண்டரில் இருப்பவருக்குத் தெரியாது, லைன் போட வரும் ஆளுக்குத் தெரியும், ஒரு தேத்தண்ணி கொடுத்துக் கேட்டால் சொல்வார். பழைய பிழைகளையும் பாருங்கள், பைபர் விழுந்த அதே நிமிடத்தில் 4ஜியும் விழுந்த நாள் ஒன்று இருந்தால் இரண்டும் எங்கேயோ ஒரே குழாயில் இருக்கின்றன. அப்படியென்றால் சிம்மை மாற்றுங்கள், அல்லது வேறு திசையில் இருக்கும் டவரை நோக்கி வெளி அன்டனா ஒன்றைத் திருப்புங்கள்.

ஐப்பசி இடி மின்னல் தொடங்கும் முன், புரட்டாதியிலேயே ஒரு வேலைநாளில், எல்லாருக்கும் சொல்லிவிட்டு ஓஎன்டி பெட்டியின் பின்னால் இருக்கும் பைபரைக் கழற்றி முனைக்கு மூடி போட்டு வையுங்கள். நெட்வேர்க் வயரை இழுத்துச் சோதிப்பது சோதனையில்லை, மேலே சொன்ன காரணத்தால் அது இலகுவான பரீட்சை. எத்தனை செக்கனில் மாறியது, எது வேலை செய்யவில்லை, எல்லாவற்றையும் எழுதுங்கள். கரண்டையும் ஒரு தடவை நிற்பாட்டுங்கள்: 12 வோல்ட் 7 ஏம்பியர்மணி பெற்றரி புதிதாக இருக்கும்போது 15 வோட் எடுக்கும் ஓஎன்டியையும் ரவுட்டரையும் நான்கு மணித்தியாலம் அளவு தாங்கும், நம்மூர் வெயிலில் இரண்டு மூன்று வருடம் கிடந்த பெற்றரி அரை மணித்தியாலத்தில் விழுந்தாலும் ஆச்சரியமில்லை.

பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டுங்கள், பிளாஸ்டிக் உறை போட்டு, பல்லி எச்சம் படாதபடி. நல்ல நாளின் ஒளி அளவு, கணக்கு இலக்கம், முறைப்பாட்டு இலக்கம், 4ஜி சிம்மின் இலக்கமும் ரீலோட் முடியும் திகதியும், எந்த வயர் எதற்கு, கையால் மாற்ற எந்த ஸ்விட்சை அழுத்துவது. நீங்கள் வவுனியாவில் கலியாணவீட்டில் இருக்கும்போதுதான் லைன் அறும், தாளைப் பார்த்து மற்ற ஆளே மாற்றிவிடட்டும்.